‘ஈ.கோலை வளர்ந்தது’ என்ற அறிக்கையோடு நிற்கக் கூடாது: பன்றிக்குட்டிக் கழிச்சலில் ரகம் பிரித்தறிவது

கேள்வி இது: பிறந்த இரண்டு மூன்று நாளில் குட்டிகள் கழிந்து செத்தன. தாய்ப்பன்றிகளுக்கு ஈ.கோலை (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா) தடுப்பூசி போட்டதும் அது குறைந்தது. ஆனால் பால்குடி மறக்கடித்து ஒரு வாரம் ஆவதற்குள் குட்டிகளுக்கு மறுபடியும் கழிச்சல். இரண்டு தடவையும் ஆய்வகம் ‘ஈ.கோலை வளர்ந்தது’ என்றே எழுதித் தந்தது. இரண்டும் ஒரே கிருமிதானா? ரகத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தடுப்பூசி ஏன் பாதியில் கைவிட்டது?

ஒரே கிருமியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அந்த அறிக்கையை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. பிறந்து ஒரு நாள் ஆன எந்தக் குட்டியின் சாணத்தை ஆய்வக வளர்ப்புத் தட்டில் தேய்த்தாலும் ஈ.கோலை வளரும், நல்ல ஆரோக்கியமான குட்டியிலும் வளரும். ஆகவே ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை வேறு மூன்று: இந்த ஈ.கோலையிடம் குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் மெல்லிய இழையான பற்றிழை இருக்கிறதா, எந்த வகைப் பற்றிழை, அதோடு எந்த நச்சு சேர்ந்திருக்கிறது? பற்றிழையும் நச்சும் ஒரே பாக்டீரியாவில் சேர்ந்திருந்தால்தான் அது நோய்க்கிருமி. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பெரும்பாலும் அது வழிப்போக்கன்தான்.

இதை நிரூபித்த சோதனை பழையது. கே88 என்ற பற்றிழையை 1961இல் ஓர்ஸ்கோவ் தம்பதியரும் அவர்களுடைய சகாக்களும் விவரித்தார்கள். பத்தாண்டு கழித்து, 1971இல், வில்லியம்ஸ் ஸ்மித்தும் லிங்குட்டும் அந்தப் பற்றிழையைத் தரும் பிளாஸ்மிடையும் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) நச்சைத் தரும் பிளாஸ்மிடையும் தனித்தனியாக எடுத்தும் சேர்த்தும் பார்த்தார்கள். கே88 பிளாஸ்மிடை இழந்த ரகம் குட்டிகளில் கழிச்சலை உண்டாக்கவில்லை; திருப்பிக் கொடுத்ததும் உண்டாக்கியது. நோய் உண்டாக்கும் திறன் இப்படிக் கழன்றுபோகக்கூடிய பிளாஸ்மிடில் இருப்பது ஆய்வக வேலையில் ஒரு தொல்லையும் தரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பற்றிழைகளின் பெயர்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள், தடுப்பூசி லேபிளிலும் இவைதான் இருக்கும். எஃப்4 என்பது பழைய கே88. எஃப்5 என்பது கே99. எஃப்6 என்பது 987பி. இவற்றோடு எஃப்41, எஃப்18. சில லேபிள்களில் பழைய பெயர், சிலவற்றில் புதிய பெயர், பொருள் ஒன்றுதான். நச்சுகளில் எல்டி என்பது வெப்பத்தில் சிதைவது; எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டும் வெப்பம் தாங்குபவை. எஸ்டிஎக்ஸ்2இ என்பது இவற்றிலிருந்து விலகி நிற்கும் ஷிகா வகை நச்சு. நீர்வீக்க நோயைத் தருவது அதுதான்.

எந்த வயதில் எது தாக்கும் என்பதைக் குடல் சுவரில் உள்ள ஏற்பிகள், அதாவது பற்றிழை பிடித்துக்கொள்ளும் இடங்கள், தீர்மானிக்கின்றன. எஃப்5 ஒட்டும் ஏற்பி பிறந்த குட்டியில் நிறைய இருக்கும், வயதாக ஆகக் குறையும். அதனால் எஃப்5, எஃப்6, எஃப்41 மூன்றும் பெரும்பாலும் முதல் வார நோய்கள். எஃப்18 நேர் எதிர்: பிறந்த குட்டியின் குடலில் அதற்கு ஏற்பி இல்லை, சுமார் மூன்று வார வயதில்தான் போதிய அளவு உருவாகிறது. ஆகவே அது பால்குடி மறந்தபின் வரும் நோய். எஃப்4 மட்டும் இரண்டு காலத்திலும் தாக்கும்.

உங்கள் பண்ணையில் நடந்ததற்கு இங்கேயே இரண்டு விளக்கம் கிடைக்கிறது. பிறந்த குட்டிகளைத் தாக்கியது எஃப்4 அல்லது எஃப்5. தாய்க்குப் போட்ட ஊசி சீம்பால் வழியே அதைத் தடுத்தது. பிறகு வந்தது எஃப்18 என்றால், வழக்கமான தாய்ப்பன்றித் தடுப்பூசிகளில் அது இல்லை. அவற்றில் இருப்பவை பொதுவாக எஃப்4, எஃப்5, எஃப்6, எல்டி நச்சின் செயலிழந்த வடிவம், சிலவற்றில் குளோஸ்ட்ரிடியம் சி வகை நச்சும். பிறகு வந்ததும் எஃப்4தான் என்றாலும் தடுப்பூசியைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாதுகாப்பு பாலில் வரும் எதிர்ப்பொருள் தினமும் குடலைக் கழுவிக்கொண்டிருப்பதால் கிடைத்தது. பால் நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும்.

நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து எஃப்18 பக்கம் சாய்ந்தாலும், மாதிரி பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஆய்வகத்துக்குப் போகும் முன் கொட்டிலிலேயே செய்ய வேண்டிய வடிகட்டல் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் பிஹெச் தாளை எடுத்து, ஆசனவாயிலிருந்து நேரே வரும் புதிய கழிச்சலில் தொடுங்கள். தரையில் கிடப்பதில் சிறுநீர் கலந்திருக்கும், உதவாது. பால் குடிக்கும் குட்டியில் 8 அல்லது அதற்கு மேல் காட்டினால் ஈ.கோலை நச்சுக் கழிச்சலுக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் குடல் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. அமிலமாகக் காட்டினால் ரோட்டா போன்ற வைரஸ்கள் குடல் விரல்களை (உட்சுவரில் உள்ள விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளை) சிதைத்து, செரிக்காத பால்சர்க்கரை பெருங்குடலில் புளித்திருக்கலாம். இது சாய்வுதான், தீர்ப்பு அல்ல; இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம்.

வயதையும் பாருங்கள். பிறந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இரத்தக் கழிச்சலோடு திடீர்ச் சாவு என்றால் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் சி வகையை முதலில் நினையுங்கள். ஐந்தாம் நாளுக்குமேல், மஞ்சள் பசைபோலக் கழிந்து, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அசையாமல் இருந்தால் அது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குப் பாக்டீரியா வளர்ப்பு வீண்செலவு. எல்லா வயதுப் பன்றிகளும் காய்ச்சலோடு விழுந்தால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2020 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தில் செத்த பன்றியைப் பண்ணையில் அறுக்கவே கூடாது.

இனி மாதிரி. ரகம் பிரிப்பதில் தோல்விகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

கழிச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் இருக்கும், ஆன்டிபயாட்டிக் தொடாத குட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நாளாகக் கழிந்து எலும்பும் தோலுமாக நிற்கும் குட்டியைப் பார்த்து மனம் இளகும், ஆனால் அதன் குடலில் குற்றவாளி ஏற்கனவே குறைந்து, பின்னால் வந்தவை பெருகியிருக்கும். ஒரு குட்டி போதாது. வெவ்வேறு ஈற்றிலிருந்து அல்லது வெவ்வேறு அறையிலிருந்து ஐந்து குட்டிகளாவது வேண்டும். இரவே செத்துக் காலையில் கிடைத்த குட்டி கிட்டத்தட்ட பயன்படாது. குடல் உட்சவ்வு செத்த சில நிமிடங்களிலேயே கரையத் தொடங்குகிறது. பெருங்குடல் கிருமிகள் மேலே ஏறி எங்கும் பரவிவிடும். மிகச் சிறந்த மாதிரி, நோய் உச்சத்தில் இருக்கும் குட்டியைக் கால்நடை மருத்துவர் வலியின்றிக் கருணைக்கொலை செய்து உடனே எடுப்பது.

எடுக்கும்போது சிறுகுடலின் நடுப்பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் சுமார் 10 சென்டிமீட்டர் துண்டுகளை இரண்டு முனையும் நூலால் கட்டி வெட்டுங்கள். பெருங்குடல் துண்டு தனிப் பையில். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் மாதிரி அந்த இடத்திலேயே செத்தது. இந்தத் துண்டுகள் ஐஸ் பெட்டியில், 4 டிகிரி அளவில் போக வேண்டும், உறையவிடக் கூடாது. பக்கத்திலேயே 2 சென்டிமீட்டர் துண்டுகளை நீளவாக்கில் கீறித் திறந்து, 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போடுங்கள். திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின். குட்டி இறந்து கால் மணி நேரத்துக்குள் இது நடந்துவிட வேண்டும். நுண்ணோக்கியில் குடல் விரல்களின்மேல் பாக்டீரியாக்கள் பாய் விரித்ததுபோல ஒட்டியிருப்பது தெரிந்தால், அதைவிட நேரடியான சாட்சி வேறில்லை. குட்டியைக் கொல்ல வேண்டாம் என்றால் மலக்குடல் குச்சி மாதிரியை ஏமிஸ் கடத்து ஊடகத்தில் அனுப்பலாம். உலர்ந்த குச்சியை அனுப்பாதீர்கள்.

அட்டையில் குட்டியின் வயது, பால்குடி மறக்கடித்த நாள், கொடுத்த மருந்து, தாய்க்குப் போட்ட தடுப்பூசி ஆகியவற்றை எழுதுங்கள். ‘பன்றிக்குட்டி, கழிச்சல்’ என்று மட்டும் எழுதினால் அதே அளவு சுருக்கமான பதில்தான் திரும்பி வரும்.

ஆய்வகத்தில், ஐந்து சதவீத ஆட்டு இரத்த அகார், மெக்காங்கி அகார் என்ற இரண்டு வளர்ப்பு ஊடகங்களிலும் தேய்த்து, 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். மெக்காங்கியில் ஈ.கோலை இளஞ்சிவப்புக் குடியிருப்புகளாக (ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகிய புள்ளிகளாக) தெரியும். இரத்த அகாரில் சுற்றிலும் தெளிந்த வளையம் தெரிந்தால் அது இரத்தம் சிதைக்கும் ரகம். எஃப்4, எஃப்18 ரகங்களில் பெரும்பாலானவை இந்த வளையத்தைக் காட்டும், எஃப்5, எஃப்6 ரகங்கள் பொதுவாகக் காட்டாது. வளையம் இல்லாததை ஒதுக்கிவிடும் பழக்கம் உள்ள ஆய்வகம் பிறந்த குட்டிகளின் எஃப்5ஐத் தொடர்ந்து தவறவிடும். வளையம் உள்ளதெல்லாம் நோய்க்கிருமியும் அல்ல.

சிறுகுடல் மாதிரியில் எவ்வளவு அடர்த்தியாக வளர்ந்தது என்பதும் ஒரு தகவல். ஆரோக்கியமான குட்டியின் சிறுகுடல் நடுப்பகுதியில் ஈ.கோலை சொற்பமாகவே இருக்கும். அங்கே தட்டு நிறைய ஒரே மாதிரிக் குடியிருப்பு வளர்ந்தால் அதற்கு எடை உண்டு. சாணத்தில் அப்படி வளர்ந்தால் பெரிய எடை இல்லை.

அடுத்து, எத்தனை குடியிருப்புகளை எடுப்பது? பல இடங்களில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். தட்டில் உள்ள ஈ.கோலையில் ஐந்தில் ஒரு பங்குதான் நோய் ரகம் என்று வையுங்கள். ஒன்றை எடுத்தால் அது சிக்கும் வாய்ப்பு 20 சதவீதம். ஐந்து எடுத்தால் 67 சதவீதம். பத்து எடுத்தால் 89 சதவீதம். சிறுகுடலிலிருந்து நல்ல மாதிரி வந்து, தட்டு முழுக்க ஒரே தோற்றம் என்றால் மூன்று போதும். மலக்குடல் குச்சி என்றால் ஐந்துக்குக் குறையாமல், தோற்றம் வேறுபட்டவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க ஐந்தையும் ஒரே குழாயில் கலந்து முதலில் பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து, தென்பட்டால் மட்டும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

ஈ.கோலைதான் என்று உறுதி செய்ய வேதிச் சோதனைகளில் இண்டோல், மெத்தில் ரெட் இரண்டும் நேர்மறையாக, வோகஸ்-பிராஸ்கவர், சிட்ரேட் இரண்டும் எதிர்மறையாக வர வேண்டும். புரதங்களின் எடையை வைத்து இனம் காணும் மால்டி-டாஃப் கருவி உள்ள ஆய்வகம் இதை நிமிடங்களில் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கருவி இனத்தின் பெயரோடு நின்றுவிடும். எஃப்18 ரகத்தையும் சாதுவான குடல்வாசியையும் வழக்கமான முறையில் அது பிரித்துக் காட்டாது. விலை உயர்ந்த கருவியில் வந்த அறிக்கை என்பதால் ரகம் தெரிந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

ரகம் சொல்வது பன்முகப் பிசிஆர், அதாவது பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் தேடுவது. வேலை எளிது: ஒரு குடியிருப்பை 100 முதல் 200 மைக்ரோலிட்டர் தூய நீரில் கரைத்து, 95 முதல் 100 டிகிரியில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, மைய விலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரில் சில மைக்ரோலிட்டரை 25 மைக்ரோலிட்டர் கலவையில் சேர்ப்பார்கள். பார்க்க வேண்டிய மரபணுக்கள்: எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41, எஃப்18 பற்றிழைகளுக்கு உரியவை, எல்டி, எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிஎக்ஸ்2இ நச்சுகளுக்கு உரியவை, கூடவே இன்டிமின் என்ற ஒட்டுப்புரதத்தின் இஏஇ மரபணு. ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்று காவல் குழாய்கள் இருக்க வேண்டும்: தெரிந்த நோய் ரகம் ஒன்று, கே-12 போன்ற நோயற்ற ஈ.கோலை ஒன்று, டிஎன்ஏவே இல்லாத வெறும் கலவை ஒன்று. கடைசிக் குழாயில் பட்டை (மரபணு இருப்பதைக் காட்டும் கோடு) தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் குப்பைக்கு.

இங்கேதான் பிளாஸ்மிட் தொல்லை. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்க்க, பற்றிழையும் நச்சும் உள்ள பிளாஸ்மிட்கள் கழன்றுபோகலாம். மாதக்கணக்கில் அகார் சாய்வில் கிடந்த ரகத்தை எடுத்துப் பிசிஆர் செய்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் அது பழைய நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் தட்டிலிருந்தே சோதிக்க வேண்டும். அன்றே 15 முதல் 20 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் ஒரு குப்பி சேமிக்கவும் சொல்லுங்கள்.

சாணத்திலிருந்தே நேராகப் பிசிஆர் செய்து தரும் ஆய்வகங்களும் உண்டு. விரைவானது, மந்தையில் எது உலவுகிறது என்று பார்க்க உதவும். ஆனால் எஃப்18ம் எஸ்டிபியும் தெரிந்தால், இரண்டும் ஒரே பாக்டீரியாவில் இருந்தனவா, இரண்டு வெவ்வேறு பாக்டீரியாக்களிலிருந்து வந்தனவா என்று அதிலிருந்து தெரியாது. இந்தக் கேள்விக்குத் தனிக் குடியிருப்பு மட்டுமே பதில் சொல்லும்.

பிசிஆர் வசதி இல்லாத இடத்தில் எதிர்ச்சீரம் (அந்தந்தப் பற்றிழைக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ள நீர்) கொண்டு கண்ணாடித் துண்டில் திரளவைக்கும் சோதனை உண்டு. அதில் இரண்டு பொறிகள். எஃப்5, எஃப்41 இழைகள் வழக்கமான அகாரில் சரியாக முளைக்காது. மின்கா என்ற ஊடகத்தில் 37 டிகிரியில் வளர்க்க வேண்டும். 18 டிகிரியில் வளர்த்தால் இந்தப் பற்றிழைகள் எதுவுமே முளைக்காது. இரண்டாவது, சில ரகங்கள் வெறும் உப்புநீரிலேயே தாமாகத் திரளும். உப்புநீர்க் காவல் சோதனை செய்யாமல் கொடுத்த முடிவை நம்பாதீர்கள். கன்றுக் கழிச்சலுக்கு விற்கும் குச்சிச் சோதனைகளைப் பன்றிக்குட்டிக்கு வாங்கி ஏமாறுவதும் நடக்கிறது: அவற்றில் ஈ.கோலைக்கு எஃப்5 ஒன்றைத்தான் தேடுவார்கள், எஃப்4ம் எஃப்18ம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஓ எண் என்று ஒன்று வரும். பாக்டீரியாவின் மேலுறைச் சர்க்கரையை வைத்து வகுப்பது அது. கேப்சூல் என்ற வெளிப்போர்வை மறைக்காமல் இருக்க வளர்ப்பை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கிய பிறகு பார்ப்பார்கள். தனியாக அது நோயைச் சொல்லாது. ஆனால் பன்றிகளில் சில எண்களும் சில நச்சுகளும் கூட்டாளிகள்போலச் சேர்ந்தே பயணிக்கின்றன, அதனால் பிசிஆர் முடிவுக்கு அது நல்ல துணைச்சாட்சி. ஓ149, எஃப்4, எல்டி, எஸ்டிபி என்பது உலகெங்கும் பன்றிப் பண்ணைகளில் காணும் கூட்டணி. எஃப்5, எஃப்6 போன்றவற்றோடு எஸ்டிஏ சேர்ந்து ஓ8, ஓ9, ஓ64, ஓ101 எண்களில் வந்தால் அது முதல் வாரக் கழிச்சல். ஓ147, ஓ141, ஓ138, ஓ157 எண்களில் எஃப்18, எஸ்டிஏ, எஸ்டிபி என்றால் பால்குடி மறந்தபின் வரும் கழிச்சல். ஓ139, எஃப்18, எஸ்டிஎக்ஸ்2இ என்றால் நீர்வீக்க நோய். பன்றியின் ஓ157 எஃப்18 ரகமும் மனிதரில் இரத்தக் கழிச்சல் தரும் புகழ்பெற்ற ஓ157:ஹெச்7 ரகமும் வேறு வேறு. எண்ணை மட்டும் பார்த்துப் பீதியடைய வேண்டாம். எஸ்டிபி மட்டும் தனியாக வந்தாலோ, பற்றிழை எதுவும் இல்லாமல் நச்சு மட்டும் வந்தாலோ, குற்றவாளி என்று எழுதக் கூடாது. ஆரோக்கியமான குட்டிகளிலும் அவை கிடைக்கின்றன.

நீர்வீக்க நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கழிச்சலே இல்லாமலும் வரும். பால்குடி மறந்து ஒன்றிரண்டு வாரத்தில், நன்றாகத் தின்று கொழுத்த குட்டிதான் முதலில் விழும். இமை வீங்கும், தள்ளாடும், கத்தல் கீச்சென்று மாறும். அறுத்துப் பார்த்தால் இரைப்பைச் சுவரும் பெருங்குடல் மடிப்பும் கூழ்போல நீர் கோத்திருக்கும், இரைப்பையில் தீவனம் நிறைந்திருக்கும். தள்ளாட்டம் வரும் நேரத்தில் நச்சு ஏற்கனவே இரத்தத்தில் ஏறிவிட்டது, குடலில் கிருமி குறைந்துவிட்டது. ஆகவே விழுந்த குட்டியில் வளர்ப்பு ஏமாற்றலாம்; அதே அறையில் இன்னும் நன்றாக நிற்கும் குட்டிகளின் சாணத்தையும் அனுப்புங்கள். ஓட்டல் கழிவு தின்னும் பண்ணைகளில் இதே தள்ளாட்டம் உப்பு நஞ்சாலும் வரும். உப்பு மிகுந்த தீவனம், தண்ணீர்க் குழாய் அடைப்பு, பிறகு திடீரெனத் தண்ணீர் என்ற வரிசையில் அது வரும். ரகம் தேடும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்.

ஈ.கோலை அல்லாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸில் சி வகை என்பது ஆல்ஃபா, பீட்டா இரண்டு நச்சு மரபணுக்களும் உள்ளது. பீட்டா நச்சை டிரிப்சின் என்ற செரிமான நொதி அழித்துவிடும். ஆனால் சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருப்பதால் முதல் நாட்களில் நச்சு தப்பிக்கிறது. நோய் அவ்வளவு இளம் வயதில் வருவது இதனால்தான். ஆல்ஃபா மட்டும் உள்ள ஏ வகை ஏறக்குறைய எல்லாப் பன்றிகளிலும் இருப்பதால் ‘ஏ வகை வளர்ந்தது’ என்ற அறிக்கைக்கும் அதிக மதிப்பில்லை. குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசிலுக்கு, பாக்டீரியாவைவிட சாணத்தில் நச்சு ஏ, பி இருக்கிறதா என்று தேட வேண்டும். சால்மொனெல்லா பெரும்பாலும் பால்குடி மறந்த பின்னர்தான். அதில் 2,500க்கும் அதிகமான சீரோவகைகள் உண்டு. பன்றியில் முக்கியமானவை டைஃபிமூரியம், அதன் ஒற்றைநிலை வடிவம், கோலரேசுயிஸ். இந்தக் கோலரேசுயிஸைத்தான் 1885இல் அமெரிக்காவில் சால்மனும் தியோபால்ட் ஸ்மித்தும் பன்றிக் காலராவின் காரணம் என்று அறிவித்தார்கள். பின்னர் அந்த நோய்க்குக் காரணம் வைரஸ் என்று தெரிந்தது, பாக்டீரியாவுக்குச் சால்மனின் பெயர் மட்டும் நிலைத்தது. குடலில் ஒரு கிருமி கிடைத்ததும் வழக்கை மூடிவிடும் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்.

ரகம் தெரிந்தபின் என்ன மாறும்?

எஃப்4 அல்லது எஃப்5 பிறந்த குட்டிகளில் என்றால் தாய்க்குத் தடுப்பூசி. முதல் ஈற்றுப் பன்றிக்கு இரண்டு தவணை, இரண்டாவது ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன். பிறகு ஒவ்வோர் ஈற்றுக்கும் ஒரு ஊக்கத் தவணை. சரியான இடைவெளி அந்தந்த மருந்தின் லேபிளில் இருக்கும். ஊசி தாயின் உடலில் போனால் போதாது, சீம்பால் குட்டியின் வயிற்றில் போக வேண்டும். குட்டி எதிர்ப்பொருள் எதுவும் இல்லாமல் பிறக்கிறது. குடல் அவற்றை முழுதாக உறிஞ்சும் வாசல் ஒரு நாளில் மூடிவிடும். அதற்குள் ஒவ்வொரு குட்டிக்கும் 200 முதல் 250 கிராம் சீம்பால் தேவை. கூடவே சூடு: பிறந்த குட்டி படுக்கும் இடத்தில் 32 முதல் 34 டிகிரி. குளிர்ந்த குட்டியின் குடல் அசைவு மந்தமாகும், கிருமி அடித்துச் செல்லப்படாமல் ஒட்டிக்கொள்ளும்.

எஃப்18 என்றால் தாய் ஊசியில் காசைக் கூட்டிப் பயனில்லை. குட்டிக்கே வாய்வழி கொடுக்கும் நோயற்ற எஃப்4, எஃப்18 உயிர்த் தடுப்பூசி ஐரோப்பாவில் உண்டு. 18 நாள் வயதிலிருந்து கொடுக்கலாம், பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். ஆகவே 21ஆம் நாளில் குட்டியைப் பிரிக்கும் பண்ணையில் அது தாமதமாகிவிடும். நீர்வீக்க நோய்க்கு எஸ்டிஎக்ஸ்2இ நச்சுத் தடுப்பூசியை நான்கு நாள் வயதுக் குட்டிக்கே போடுகிறார்கள். உங்களுக்கு இவை கிடைக்குமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தீவனத்தில்தான் வேலை. பிரித்த முதல் இரண்டு வாரத் தீவனத்தில் புரதத்தை 21, 22 சதவீதத்திலிருந்து 17, 18க்கு இறக்கி, லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோஃபேன் சேர்த்து ஈடுகட்டலாம். செரிக்காமல் கீழே போகும் புரதம்தான் கிருமிக்குச் சோறு. தினமும் நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிரித்த அன்றே தீவனம் மாற்றி, அறை மாற்றி, வேறு ஈற்றுகளோடு கலப்பது மூன்று அடியை ஒரே நாளில் கொடுப்பது.

துத்தநாக ஆக்சைடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். டன் தீவனத்துக்கு 2,500 கிராம் துத்தநாகம் வீதம் பதினான்கு நாள் கொடுத்தால் பால்குடிக்குப்பின் வரும் கழிச்சல் குறைவது உண்மை. மண்ணில் சேர்வதாலும் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளைத் தேர்ந்தெடுப்பதாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அந்த மருந்தளவை நிறுத்திவிட்டது. கோலிஸ்டின் கதை இன்னும் கடுமையானது: அதற்கு எதிர்ப்பு தரும், பிளாஸ்மிடில் பயணிக்கும் எம்சிஆர்-1 மரபணுவை 2015இல் சீனாவில் கண்டறிந்தார்கள், அது முதலில் தென்பட்டது பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலையில். இந்தியா 2019இல் உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது. யாராவது பழைய பாக்கெட்டை நீட்டினால் வாங்காதீர்கள். மற்ற மருந்துகளுக்கு உணர்திறன் சோதனை கேளுங்கள், ஆனால் நோய் ரகம் என்று பிசிஆரில் உறுதியான அதே குடியிருப்பில் செய்யச் சொல்லுங்கள். வழிப்போக்கன் ஈ.கோலையின் உணர்திறனைப் பார்த்து மருந்து எழுதுவது வீண்.

மருந்து எதுவானாலும் முதல் உதவி தண்ணீர். இந்த நச்சுகள் குடல் விரல்களைச் சிதைப்பதில்லை, குளோரைடையும் நீரையும் வெளியே தள்ளவைக்கின்றன. குளுக்கோஸோடு சோடியத்தை உறிஞ்சும் வழி திறந்தே இருக்கிறது. அதனால் மருந்துக்கடை ஓஆர்எஸ் இதில் நன்றாக வேலை செய்யும். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 என்பதே அந்தக் கலவை. தாழ்ந்த தட்டில் வையுங்கள், தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கடைசியாக, ஒரே ரகம்தான் மீண்டும் மீண்டும் வருகிறதா என்ற கேள்வி. எஃப்18, எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு அறிக்கை ஒத்துப்போனாலும் இரண்டும் ஒரே பரம்பரை என்று பொருளில்லை. ஏழு அடிப்படை மரபணுக்களை ஒப்பிடும் எம்எல்எஸ்டி முறை பரம்பரையைச் சொல்லும். ஓ149 எஃப்4 ரகங்களில் பல எஸ்டி100 என்ற எண்ணில் விழும் (இங்கே எஸ்டி என்பது பரம்பரை எண், நச்சு அல்ல), ஓ139 நீர்வீக்க ரகங்கள் எஸ்டி1இல். அதனால் எம்எல்எஸ்டி எண் ஒத்தாலும் கண்டம் விட்டுக் கண்டம் ஒத்திருக்கலாம். வாங்கிய பன்றிகளோடு வந்ததா, கழுவாத அறையில் தங்கியதா என்று பிரிக்க முழு மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தல்தான் வேண்டும். ஒரு சிறு பண்ணைக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. பண்ணைக்கே உரிய தனித் தடுப்பூசி செய்யப்போகிறீர்கள் அல்லது பல பண்ணைகளுக்குக் குட்டி விற்கிறீர்கள் என்றால் செலவு நியாயம். அதற்கும் மைனஸ் 80இல் சேமித்த அந்தக் குப்பி கையில் இருக்க வேண்டும்.

இனப்பெருக்கப் பன்றி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி. எல்லாப் பன்றிக்கும் ஏற்பி இல்லை. எஃப்யூடி1 மரபணுவின் 307ஆம் இடத்தில் இரு பிரதியிலும் ‘ஏ’ உள்ள பன்றிக்கு எஃப்18 ஒட்டாது. இரத்தத்திலோ காது மடல் துணுக்கிலோ இதைச் சோதிக்கலாம். எஃப்4க்கும் அப்படி ஒட்டாத பன்றிகள் உண்டு. 1975இல் பிரிட்டனின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் அதைக் கண்டார்கள். ஆனால் ஒட்டாத தாயையும் ஒட்டும் ஆண்பன்றியையும் இணைசேர்த்தால், தாய் எஃப்4ஐக் குடலில் சந்திக்காததால் சீம்பாலில் எதிர்ப்பொருள் குறைவு, குட்டிகளோ ஒட்டும் வகை. ஆண்பன்றியை மட்டும் சோதித்து வாங்குவதானாலும் இரு பிரதியும் எதிர்ப்பு வகையாக உள்ளதையே கேளுங்கள். தாய்கள் எந்த வகை என்று தெரியாத மந்தையில் தாய்த் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள்.